விசிறி இல்லாத லேப்டாப்பும் புதுச்சேரி வெயிலும்: பத்து நாள் குறிப்புகள்

எட்டு வருடம் உழைத்த பழைய லேப்டாப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, எம்4 சில்லு உள்ள 13 அங்குல மேக்புக் ஏர் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. வேகம், திரை, கேமரா பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கியது கத்திரி வெயில் நேரம் என்பதால் எனக்கு வந்த கேள்வி வேறு. உள்ளே விசிறியே இல்லாத ஒரு கணினி, மே மாதப் புதுச்சேரியில், ஏசி இல்லாத அறையில் எப்படி வேலை செய்யும்? இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் எடை

1.24 கிலோ. பழையது சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தொடும். அதனால் அதை "எடுத்துக்கொண்டு போகலாமா" என்று யோசித்துத்தான் எடுப்பேன். இதை யோசிக்காமல் பையில் போட்டுவிடுகிறேன். ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு பற்றி ஓய்வு நேரத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரோமன் ரோலன் நூலகத்துக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் நடந்தே போய்வரும் ஆளுக்கு இந்த ஒன்றே முக்கால் கிலோ வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும் கணினி என்று விற்கப்பட்டது. எடை கிட்டத்தட்ட 11 கிலோ! 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அஞ்சல் உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ. அதில் விசிறி இருந்தது. 2015இல் 920 கிராமில் 12 அங்குல மேக்புக் வந்தபோது ஆப்பிள் விசிறியை எடுத்துவிட்டது. ஏர் வரிசையில் விசிறி போனது 2020 நவம்பரில், எம்1 சில்லோடு.

சூடு எப்படி வெளியே போகிறது?

சில்லுக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதை வெளியேற்றியே ஆகவேண்டும். விசிறி உள்ள லேப்டாப் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, சூட்டை அதில் ஏற்றி, வெளியே தள்ளுகிறது. விசிறி இல்லாததில் சில்லின் சூடு அலுமினிய உடலுக்குப் பரவி, அங்கிருந்து தானாகக் காற்றில் கலக்கவேண்டும். அதாவது உடல் முழுக்க ஒரு ரேடியேட்டர்.

இங்கேதான் வெயில் வருகிறது. ஒரு பொருள் எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்பது, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த நியூட்டனின் குளிர்தல் விதிதான். லேப்டாப்பின் உடல் 45 டிகிரிக்கு மேல் போனால் மடியில் வைக்க முடியாது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 20. நம் வீட்டில் மதியம் 37 டிகிரி என்றால் வித்தியாசம் வெறும் 8. அதே லேப்டாப், அதே சில்லு, ஆனால் வெளியே விடக்கூடிய சூடு பாதிக்கும் கீழே, சுமார் 40 சதவீதம்தான்.

சூட்டை விட முடியாதபோது சில்லுக்கு ஒரே வழி, சூட்டைக் குறைவாக உண்டாக்குவது. அதனால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது கோளாறு இல்லை. விசிறி இல்லாத எல்லாக் கணினியும் இப்படித்தான்.

நடைமுறையில் என்ன ஆகிறது? தட்டச்சு, உலாவி, பெரிய பிடிஎஃப்களைப் புரட்டுவது, பைத்தானில் சின்னச் சின்ன நிரல்கள், இவற்றுக்கெல்லாம் உடல் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. இந்த வேலைகள் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். பிறகு சில்லு ஓய்வில் இருக்கும். ஆனால் ஸ்கேன் செய்த சில நூறு பக்கங்களை டெஸராக்ட் எழுத்துணரியிடம் கொடுத்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு ஓடவிட்டபோது, முதல் சில நிமிடம் பறந்தது, பிறகு நிதானத்துக்கு வந்துவிட்டது. அதே வேலையை விடியற்காலையில் விட்டேன். சீக்கிரம் முடிந்தது. நீண்ட நேரம் முழுச்சுமையில் ஓடும் வேலைகளை இப்போது ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். மேசையில் வைத்து, சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே இருந்தால் நல்ல வித்தியாசம் தெரிகிறது. காற்று 37 டிகிரியாகவே இருந்தாலும், அது நகர்ந்துகொண்டிருந்தால் உடலை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத் தள்ளிவிடும். லேப்டாப்புக்குள் இல்லாத விசிறி கூரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்தால் நேர் எதிர். அடிப்பக்கம் முழுவதும் மூடிவிடும்.

விசிறி இல்லாததில் நமக்கு லாபமும் உண்டு. கடலோர ஊரில் விசிறி இழுப்பது வெறும் காற்றை இல்லை, தூசியையும் உப்பு ஈரத்தையும்தான். அது உள்ளே போக இதில் துவாரம் குறைவு. அப்புறம் சத்தம். நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை!

35 டிகிரி என்ற எல்லை

ஆப்பிளின் தொழில்நுட்ப விவரப் பட்டியலின் அடியில், யாரும் படிக்காத இடத்தில், இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறது. நம் ஊரில் மே, ஜூன் மாதங்களில் 36, 37 சாதாரணம். அப்படியென்றால் கெட்டுப்போய்விடுமா? இல்லை. 35க்கு மேல் சூடு தாங்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான். வேகம் குறையும், பேட்டரி சீக்கிரம் மூப்படையும். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்திருப்பது ஆகாது. மதிய வெயிலில் சார்ஜ் போட்டபடியே கனமான வேலை வாங்குவதைத் தவிர்க்கிறேன்.

அணைத்து வைத்திருக்கும்போது தாங்கும் எல்லை 45 டிகிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று பின் சீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஏசியிலிருந்து வெளியே வரும்போது

அதே பட்டியலில் ஈரப்பதம் 90 சதவீதம் வரை, ஆனால் நீர் படியக்கூடாது என்று ஒரு நிபந்தனை. இது நமக்கு ரொம்ப முக்கியம். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் பனி படருமே, அது லேப்டாப்புக்கும் நடக்கும். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. 22 டிகிரி அறையில் அணைந்து கிடந்த அலுமினியப் பெட்டி அதைவிடக் குளிர்ச்சியானது. வெளியே எடுத்து உடனே திறந்தால் அதன் மேல் ஈரம் படியும். தீர்வு சுலபம். ஜிப்பை மூடியபடி பையிலேயே பதினைந்து, இருபது நிமிடம் இருக்கட்டும். அது வெளிச்சூட்டுக்கு வந்தபிறகு திறக்கலாம்.

பேட்டரிக் கணக்கு

பேட்டரி 53.8 வாட்-மணி. இணைய உலாவலுக்கு 15 மணி நேரம் என்கிறது நிறுவனம். வகுத்துப் பார்த்தால் சராசரியாக சுமார் 3.6 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பில் பாதிகூட இல்லை! ஆனால் இது திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடுத்த கணக்கு. பகல் வெளிச்சத்தில் திரையைக் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சராசரி 5 வாட் என்று வைத்தால் சுமார் பத்தே முக்கால் மணி நேரம். என் அனுபவமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் கிளம்பும்போது சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்.

தமிழ்

எதையும் நிறுவத் தேவையில்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கின்றன. தமிழ்99, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு. அஞ்சல், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. எழுத்துருப் பட்டியலில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். இணைமதியும் அவருடையதே. பழைய அச்சு நூல்களின் ஸ்கேன்களை நாள் முழுக்கப் படிக்கும் கண்ணுக்கு இந்தத் திரையின் கூர்மை பெரிய உதவி. றாகாரத்தின் பழைய வடிவம்கூடப் பெரிதாக்காமலே தெரிகிறது.

பிறகு மாற்ற முடியாதவை

மெல்லிய உடலுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான். நினைவகம் சில்லோடு ஒரே தொகுப்பில் இருக்கிறது, சேமிப்பகம் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பழைய லேப்டாப் எட்டு வருடம் வந்ததற்குக் காரணமே, நடுவில் ஒருமுறை நினைவகத்தைக் கூட்டி, வட்டை எஸ்எஸ்டியாக மாற்றியதுதான். இதில் அந்த வாய்ப்பே கிடையாது. 2025 மார்ச்சில் அறிமுக விலை 99,900 ரூபாய். அதில் 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பகம். 16 ஜிபி இன்றைக்குத் தாராளம். 256 ஜிபி, ஸ்கேன் சேர்ப்பவர்களுக்குப் போதாது. வாங்கும் நாளிலேயே இன்னும் ஏழு வருடத்துக்கு யோசித்து முடிவெடுக்க வேண்டும். பலகை போனால் அதிலிருப்பதை மீட்பதும் மிகக் கடினம். எனவே வெளி வட்டு ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நகல் எடுப்பது கட்டாயம்.

யாருக்கு?

எழுத்து, ஆய்வு, நிரல் எழுதுவது, வணிகவியல், சட்டம் போன்ற படிப்புகள் என்றால் ஏசி இல்லாத வீட்டிலும் தயங்காமல் வாங்கலாம். வேலை விட்டுவிட்டு வருகிற வகை, சூடு பிரச்சினையே இல்லை. மணிக்கணக்கில் வீடியோ கோப்புகளைப் பதப்படுத்துவது, முப்பரிமாணக் காட்சிகள் உருவாக்குவது என்றால் விசிறி உள்ளதைப் பாருங்கள். எடை கூடும், பரவாயில்லை.

நண்பர் ஒருவரின் மகள் இந்த வருடம் பி.ஆர்க். சேரப்போகிறாள். விடுதியில் ஏசி கிடையாது. என் மேசையில் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையே வாங்கிடவா அங்கிள்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் துறையில் நிறையப் பேர் பயன்படுத்தும் ரெவிட், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கட்டட மாதிரிகளை ரெண்டர் செய்வதோ மணிக்கணக்கில் முழுச்சுமை. இதே விலைக்குள் இரண்டு விசிறிகளும் நினைவகம் கூட்டும் இடமும் உள்ள விண்டோஸ் லேப்டாப் கிடைக்கும். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் ஐந்து வருடப் படிப்பு, அப்பாவின் ஒரு லட்சம். கையில் எடுத்ததும் வரும் ஆசையைவிட, மே மாத மதியத்தில் அது என்ன வேலை செய்யும் என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.