'சர்ச்சுக்கு ஒருநாள் வாயேன்!' - நண்பர்களிடம் மதம் பேசலாமா? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடக்கும் விவாதம்

"அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்" என்று டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் மெசேஜ் போடுகிறார். வரிசையாக 'டேக் கேர்', கைகூப்பும் எமோஜிகள். ஒரு நண்பர் மட்டும் தனியாக, "நான் ஜெபம் பண்றேன் மச்சி" என்று அனுப்புகிறார். படித்தவருக்கு மனசு லேசாகிறது. நாத்திகராகவே இருந்தாலும் அந்த நேரத்தில் யாரும் அதற்குக் கோபப்படுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே நண்பர், "ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு ஒருதடவை வாயேன்" என்கிறார். இப்போது கதை மாறுகிறது. அன்றைக்கு ஜெபம் பண்ணியது நட்பா, இல்லை இதற்கான முன்னோட்டமா? கேட்டவருக்கு ஒரு சந்தேகம். கூப்பிட்டவருக்கோ வேறு கவலை: கூப்பிட்டால் நட்பு போய்விடுமோ, கூப்பிடாவிட்டால் தன் விசுவாசத்துக்கு துரோகம் செய்கிறோமோ!

மதமாற்றம் பற்றிய டிவி விவாதங்களில் இந்த இரண்டாவது ஆளின் தவிப்பு வருவதே இல்லை. 'ஏன்தான் இவங்க சும்மா இருக்க மாட்டேங்கிறாங்க?' என்ற கேள்விக்கு பதில் அங்கேதான் இருக்கிறது.

கட்டளையா, விருப்பமா?

மத்தேயு நற்செய்தியின் கடைசி வசனங்களில், எல்லா இன மக்களிடமும் போய் அவர்களைச் சீடராக்கும்படி இயேசு சொல்கிறார். இது 28ஆம் அதிகாரத்தில் 19, 20ஆம் வசனங்கள். கிறிஸ்தவர்கள் இதை 'மகா கட்டளை' என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் 'ஆத்தும ஆதாயம்' என்ற சொல் ஞாயிறுதோறும் காதில் விழும். சி.எஸ்.ஐ.யில் 'சுவிசேஷம்', ஆர்.சி.யில் 'நற்செய்தி' என்று சொல் மாறும், அழுத்தமும் கூடக்குறைய இருக்கும். ஆனால் 'இது எங்களுக்கு இல்லை' என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை.

அதே பைபிளில் இன்னொரு இடமும் உண்டு. பேதுருவின் முதல் கடிதம், 3ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். உங்கள் நம்பிக்கைக்கு என்ன காரணம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள், அதையும் சாந்தத்தோடு சொல்லுங்கள் என்பது அதன் சாரம். கவனியுங்கள், இங்கே முதலில் பேசுபவர் கேள்வி கேட்பவர்தான். 'போய்ச் சொல்' என்பதற்கும் 'கேட்டால் சொல்' என்பதற்கும் நடுவில்தான் கிறிஸ்தவர்களுக்குள் நடக்கும் சண்டை முழுக்க இருக்கிறது.

'தப்பு' என்று சொல்லும் இளைஞர்கள்

அமெரிக்காவின் பார்னா ஆய்வு நிறுவனம் 2019ல் வெளியிட்ட ஒரு சர்வே, சபைத் தலைவர்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. சும்மா பெயருக்குக் கிறிஸ்தவராக இருப்பவர்களிடம் எடுத்தது இல்லை அது. சர்ச்சுக்குப் போகும், மதம் தங்கள் வாழ்க்கையில் முக்கியம் என்று சொல்லும் ஆட்களிடம் எடுத்தது. வேறு மதத்தைச் சேர்ந்தவர் ஒருநாள் தன் மதத்துக்கு வருவார் என்ற எதிர்பார்ப்போடு அவரிடம் நம்பிக்கையைப் பகிர்வது தவறு என்று அவர்களில் மில்லினியல் தலைமுறையினர் 47 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். பூமர் தலைமுறையில் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான்.

இதைப் பார்த்து 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு பக்தி இல்லை' என்று முடிவுகட்ட முடியாது. அதே இளைஞர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், இயேசுவுக்குச் சாட்சியாக இருப்பது தங்கள் விசுவாசத்தின் ஒரு பகுதி என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம்புகிறார்கள்; ஆனால் ஆள் மாற்றும் நோக்கத்தோடு பேசுவதுதான் உறுத்துகிறது. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பல மதத்து நண்பர்களோடு ஒரே ஹாஸ்டல், ஒரே ஆபீஸ் என்று வளர்ந்த தலைமுறைக்கு, நண்பனை 'இன்னும் மாறாத ஆள்' என்று பார்ப்பதே சங்கடம்.

இதற்கு நேர் எதிரான வாதத்தை வைத்தவர் ஒரு நாத்திகர் என்பதுதான் வேடிக்கை. 'பென் அண்ட் டெல்லர்' மேஜிக் ஜோடியில் ஒருவரான பென் ஜில்லெட், 2008ல் ஒரு வீடியோ வெளியிட்டார். ஷோ முடிந்ததும் ரசிகர் ஒருவர் தன்னிடம் மரியாதையாகப் பேசி ஒரு பைபிளைக் கொடுத்துவிட்டுப் போனதைச் சொல்லிவிட்டு, அவர் கேட்ட கேள்வி இதுதான்: நித்திய ஜீவன் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பும் ஒருவர் அதை அடுத்தவரிடம் சொல்லாமல் இருந்தால், அந்த அடுத்தவரை அவர் எவ்வளவு வெறுக்க வேண்டும்? லாரி வருவது தெரிந்தால் நடுரோட்டில் நிற்பவரைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டோமா என்ற உதாரணத்தையும் சொன்னார். பைபிள் வாங்கியதால் ஜில்லெட் மதம் மாறவில்லை. கொடுத்தவரை நல்ல மனிதர் என்று மட்டும் சொன்னார்.

வலுவான வாதம்தான். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. லாரி வருவது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும் விஷயம். நரகமும் மோட்சமும் அப்படி இல்லை. ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் லாரிக்காக இன்னொருவரை எத்தனை தடவை பிடித்துத் தள்ளலாம்?

துளசி மாலையை அறுக்கச் சொன்ன நண்பர்

நண்பரிடம் மதம் பேசுவது எப்படியெல்லாம் போகும் என்பதற்கு நன்றாகப் பதிவான ஒரு கேஸ் இருக்கிறது. 1893ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு ஒரு வழக்கு விஷயமாக வந்திறங்கினார் இளம் வக்கீல் காந்தி. ஊரில் தெரிந்தவர்கள் இல்லை. நிறவெறி வேறு. அங்கே அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் தீவிரக் கிறிஸ்தவர்கள். வழக்கறிஞர் ஏ.டபிள்யூ. பேக்கர் தினமும் மதியம் ஒரு மணிக்கு நடத்திய சின்ன ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டார். காந்தியும் போனார். அவருக்கு ஒளி கிடைக்க வேண்டும் என்று அங்கே ஜெபம் செய்தார்கள்.

அங்கே பழக்கமானவர்தான் கோட்ஸ் என்ற குவேக்கர் இளைஞர். இருவரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். கோட்ஸ் புத்தகமாகக் கொடுத்துத் தள்ளினார்; காந்தி ஒன்று விடாமல் படித்தார். ஒருநாள் காந்தியின் கழுத்தில் இருந்த துளசி மணி மாலை கோட்ஸ் கண்ணில் பட்டது. இது மூடநம்பிக்கை, வா நானே அறுத்துவிடுகிறேன் என்றார். காந்தி விடவில்லை. அதன் மகிமை பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அம்மா அன்போடு போட்டுவிட்டது, தானாக அறுந்தால் புதிது வாங்கமாட்டேன், நானாக அறுக்கமாட்டேன் என்பது அவர் பதில். கோட்ஸுக்கு அது புரியவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார் காந்தி.

பிறகு வெலிங்டன் நகரில் நடந்த கிறிஸ்தவ கன்வென்ஷனுக்கு பேக்கர் அவரை அழைத்துப் போனார். கறுப்பு நிறத்தவரைக் கூட்டிக்கொண்டு போனதால் வழியெங்கும் பிரச்சனை. ஹோட்டல் மேனேஜரிடம் காந்திக்காக மல்லுக்கு நின்றவரும் இதே பேக்கர்தான். காந்தியை அவர் ஒரு 'டார்கெட்' ஆக மட்டும் பார்த்திருந்தால் அந்த அவமானத்தைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை.

முடிவு என்ன? காந்தி மாறவில்லை. ஆனால், தன்னிடம் மதத் தேடலைத் தூண்டிவிட்டதற்காக அந்த நண்பர்களுக்கு என்றும் கடன்பட்டிருப்பதாக எழுதினார். மாலையை அறுக்கக் கை நீட்டிய இடத்தில் கோட்ஸ் எல்லை தாண்டினார். புத்தகம் கொடுத்ததில், விவாதித்ததில், கூடவே நடந்ததில் காந்திக்குக் குறையே இல்லை.

இன்னொரு கிறிஸ்தவ நண்பரும் காந்திக்கு வாய்த்தார்: சி.எஃப். ஆண்ட்ரூஸ். 1904ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு மிஷனரியாக வந்தவர். காந்தியை மதம் மாற்றுவதை அவர் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தக் கூலிகளுக்காக ஃபிஜி வரை போய் உழைத்தார். சுவிசேஷ ஆர்வலர்கள் சிலருக்கு ஆண்ட்ரூஸ் மேல் வருத்தம் உண்டு. அவரைப் பார்த்த பிறகு கிறிஸ்துவை மதிக்க ஆரம்பித்த இந்துக்கள் ஏராளம் என்பது அதற்குப் பதில். 1940ல் கொல்கத்தாவில் இறக்கும் வரை அந்த நட்பு நீடித்தது.

சபைகளே வைத்திருக்கும் பிரேக்

'கேட்டவர் தலையில் கட்டாதே' என்பது வெளியாட்கள் சொல்லும் அட்வைஸ் மட்டும் இல்லை. திருச்சபை வளர்வது ஆள் பிடிப்பதால் அல்ல, ஈர்ப்பால் என்று 2007ல் பிரேசிலில் பேசினார் போப் பதினாறாம் பெனடிக்ட். அடுத்து வந்த போப் பிரான்சிஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 2011ல் வாடிகனின் பல்சமய உரையாடல் அவை, உலக திருச்சபைகள் மன்றம், உலக எவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து ஒரு ஆவணமே வெளியிட்டன. வழக்கமாக ஒரே மேசையில் உட்காராத ஆட்கள் இவர்கள்.

அதில் சாட்சி சொல்வது கிறிஸ்தவரின் உரிமையும் கடமையும் என்கிறார்கள். கூடவே ஏமாற்றும் வேலை, பண உதவியைத் தூண்டிலாகப் போடுவது, வறுமையையும் நோயையும் பயன்படுத்திக்கொள்வது எல்லாம் கூடாது என்கிறார்கள். மதம் மாறுவது பெரிய முடிவு, யோசிக்கப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவரிடம் கைப்பிரதி நீட்டும் ஆர்வம், இந்த அளவுகோலில் பாஸ் ஆகாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். 'பரப்ப' என்ற அந்தச் சொல் வேண்டாம் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் லோகநாத் மிஸ்ரா போன்றவர்கள் வாதிட்டார்கள். இருக்கட்டும் என்று பேசியவர்களில் ஒருவர் மெட்ராஸின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் சுமார் 14 வருஷம் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று தன் அனுபவத்தையே எடுத்துவைத்தார். சொல் நிலைத்தது.

1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: உங்கள் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடிப்படை உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் ஜெயலலிதா ஆட்சி 2002ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004லேயே வாபஸ் ஆனது. ஆனால் வேலைக்காக நொய்டாவுக்கோ லக்னோவுக்கோ போகிறவர்கள் கவனிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 2021 சட்டம் 2024ல் இன்னும் கடுமையாக்கப்பட்டு, சில பிரிவுகளில் ஆயுள் தண்டனை வரை போகிறது. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். சென்னையில் டீக்கடைப் பேச்சாக முடியும் விஷயம் அங்கே ஸ்டேஷன் வரை போகலாம்.

விலை கொடுப்பவர் யார்?

இந்தப் பேச்சு முழுவதிலும் அதிகம் கவனிக்கப்படாத ஒருவர் இருக்கிறார்: அழைப்பைக் கேட்டு, 'சரி' என்று சொல்பவர். எண்ணிக்கை குறைவுதான். பியூ ஆய்வு மையம் இந்தியா முழுக்கச் சுமார் 30,000 பேரிடம் நடத்தி 2021ல் வெளியிட்ட சர்வேயில், இந்துவாக வளர்ந்து இப்போது கிறிஸ்தவராக இருப்பவர்கள் 0.4 சதவீதம். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்கு வீட்டில், கல்யாணச் சந்தையில், ஊர்த் திருவிழாவில் என்ன ஆகும் என்பது சர்வேயில் வராது.

பட்டியல் சாதியைச் சேர்ந்த நண்பர் என்றால் கணக்கு இன்னும் கடுமை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே எஸ்.சி. ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவரானால் அந்த அந்தஸ்து போய்விடும். தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் பி.சி. ஆகிவிடுவார்கள். தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் எஸ்.சி. அந்தஸ்தைச் சார்ந்ததுதான். சாதி மட்டும் கூடவே வரும். தனிக் கல்லறை, தனித் தெரு என்று தலித் கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் போராடுவது சர்ச்சுக்கு உள்ளேயும்தான். மதம் மாறியவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து தரலாமா என்று ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022ல் ஆணையம் அமைத்தது.

'சர்ச்சுக்கு வாயேன்' என்று கூப்பிடும் நண்பர்களில் எத்தனை பேருக்கு இந்த விவரம் தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பு இதையும் உட்கார வைத்துச் சொல்கிறார்கள்?