கட்டுச்சோற்றை எங்கே அவிழ்ப்பது?

நெடும்பயணம் புறப்படுகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது நம் முன்னோர் வழக்கம். உணவு விடுதிகள் நிறைந்த ஊரிலேயே பொட்டலத்தை அவிழ்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காத இடத்தில் பசியோடு நின்றால் குறை சோற்றில் இல்லை; அதை உண்ட நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வாழும் உங்கள் மகனோ மருமகனோ 'ப்ளக்-இன் ஹைபிரிட்' வகைக் கார் வைத்திருப்பாராயின், தூரப் பயணத்தில் அவர் முன் நிற்கும் கேள்வியும் இதுதான். பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை எந்த இடத்தில் செலவிடுவது?

இவ்வகைக் காருக்கு இரண்டு ஆகாரங்கள் உண்டு. இரவில் வீட்டு மின்சாரத்தில் பேட்டரியை நிரப்பிக் கொள்ளலாம். பெட்ரோல் தொட்டியும் இருக்கிறது. பேட்டரி தீரும் வரை மின்சாரத்தில் ஓடும், தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சின் விழித்துக் கொள்ளும். அலுவலகம் சென்று மாலையில் திரும்புகிறவருக்கு இதில் யோசனை எதுவும் தேவையில்லை. முந்நூறு கிலோமீட்டர் பயணத்தில்தான் சிந்தனை தேவைப்படுகிறது. வழியில் மலை ஒன்று குறுக்கிட்டால் அது மிகவும் தேவைப்படுகிறது.

ஓர் உண்மையான பாதையையும் ஓர் உண்மையான காரையும் எடுத்துக் கொள்வோம். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது செவ்ரோலே வோல்ட். உற்பத்தி 2019 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. அதன் முதல் தலைமுறைக் காரில் இருந்த பேட்டரியின் கொள்ளளவு 16 யூனிட். பேட்டரியின் ஆயுளைக் கருதி, அதில் ஏறக்குறைய 10 யூனிட்டை மட்டுமே செலவிடக் கார் அனுமதித்தது. அதைக் கொண்டு 56 கிலோமீட்டர் ஓடும் என்பது அமெரிக்க அரசின் கணிப்பு. சக்கரத்தைச் சுழற்றும் மின் மோட்டாரின் திறன் 149 குதிரைத்திறன். பெட்ரோல் எஞ்சினுடையதோ 84 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் பெரியது, அதற்கு ஊட்டும் எஞ்சின் சிறியது.

இனிப் பாதை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை, நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்துக்கு ஏறி, 1973இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப் பாதைக்குள் நுழைகிறது. ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய பின் காரின் எடை 1,900 கிலோ என்று கொண்டால், அதை இந்த 1,800 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் தேவை. காற்றையும் உருளும் சக்கரத்தின் தடையையும் வெல்ல ஆகும் செலவு தனி. அதாவது, நிறைந்த பேட்டரியின் முழுக் கையிருப்பையும் ஏற்றம் ஒன்றே விழுங்கிவிடும்!

ஆபத்து சுரங்கத்தை நெருங்கும் இடத்தில் காத்திருக்கிறது. நூற்றுக்கு ஆறு என்ற சரிவில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏற, இந்தக் காருக்குச் சுமார் 46 கிலோவாட் வேண்டும். எஞ்சினின் 84 குதிரைத்திறன் என்பது 63 கிலோவாட்தானே, போதாதா என்று கேட்கலாம். கடலோரத்தில் போதும். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இத்தகைய எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. எஞ்சியதிலும் மின்சாரமாக மாறும்போது சிறிது கழியும். பற்றாக்குறையைப் பேட்டரிதான் ஈடு செய்ய வேண்டும். அது காலியாகிவிட்டிருந்தால், 'இயக்கத் திறன் குறைக்கப்பட்டுள்ளது' என்ற எச்சரிக்கை முகப்பில் தோன்றும். கார் தானே வேகம் தணியும். பின்னால் வேகமாக வாகனங்கள் ஏறி வரும் சாலையில், குழந்தைகளை உட்கார வைத்துக் கொண்டு, இந்த நிலைக்கு ஆளாக யார்தான் விரும்புவார்?

இதற்காகவே அந்தக் காரில் 'மவுண்டன் மோட்' என்றொரு தேர்வு இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால், எஞ்சின் முன்னதாகவே ஓடத் தொடங்கி, பேட்டரியின் ஒரு பகுதியைச் சேமிப்பாகக் காக்கும். சேமிப்பு குறைந்திருந்தால் அதைத் திரட்டவும் செய்யும். ஆனால் திரட்டுவதற்கு அவகாசம் வேண்டுமல்லவா? ஆகவே மலையடிவாரம் கண்ணில் பட்ட பிறகு அதைத் தேடுவதில் பயனில்லை. கால் மணி நேரத்துக்கும் மேலாக முன்னரே, டென்வரின் சமவெளிச் சாலையிலேயே தெரிவு செய்திருக்க வேண்டும். பயணத்துக்கு முதல் நாள் இரவு பேட்டரியை நிரப்ப மறக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஏறியது எல்லாம் வீணா? இல்லை. சுரங்கத்தைக் கடந்ததும் சில்வர்தார்ன் என்ற ஊர் வரை 13 கிலோமீட்டரில் சாலை சுமார் 650 மீட்டர் இறங்குகிறது. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, தடை பிடிக்கும் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் நிறைந்த குடத்தில் நீர் ஊற்ற முடியாது. எனவே மலைமேல் தங்குகிறவர், மறுநாள் எந்தப் பக்கம் போகப் போகிறார் என்று பார்த்தே மின்னிணைப்பைச் செருக வேண்டும். சில்வர்தார்னில் தங்கியவர் டென்வர் திரும்பும்போது முதலில் ஏறியாக வேண்டும். அவர் நிரப்பிக் கொள்வதே நன்று, ஏறும்போது பேட்டரியில் தானே இடம் உண்டாகிவிடும். சுரங்கத்தின் கிழக்குப் புறத்தில், இறக்கத்தின் தலைப்பிலேயே தங்கியவர் முழுதும் நிரப்பினால், மலை இலவசமாகத் தரும் மின்சாரத்தை வாங்க இடமின்றி நிற்பார்.

மலையில்லாத நெடுஞ்சாலையில் கணக்கு எளிது. 2013ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வோல்ட் காரில் 'ஹோல்ட்' என்ற தேர்வும் சேர்ந்தது. இருக்கும் மின்சாரத்தை அப்படியே நிறுத்தி வைத்துப் பெட்ரோலில் ஓடும் வழி அது. சீரான வேகத்தில் எஞ்சின் ஓரளவு சிக்கனமாகவே உழைக்கும். நின்று நின்று நகரும் நகர வீதியிலோ மின்சாரத்துக்கு இணையில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் பேட்டரியை நிறுத்தி வைத்து, சேரும் நகரத்துக்குள் அதைச் செலவிடுவது முறை. ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. மின்னிணைப்பு கிடைக்கும் வீட்டுக்குப் பேட்டரியில் மிச்சம் வைத்துக் கொண்டு போய்ச் சேர்ந்தால், அந்த மிச்சத்தின் அளவுக்குப் பெட்ரோலை வீணாக எரித்ததாகவே பொருள்.

வழியில் உண்ண நிற்கும் அரை மணி நேரத்தில் நிரப்பலாமே என்று சிலர் அலைவதுண்டு. வோல்ட் முதல் தலைமுறை 240 வோல்ட் இணைப்பில் மணிக்கு 3.3 யூனிட்தான் வாங்கும். அரை மணிக்குக் கிடைப்பது ஏழு கிலோமீட்டர் ஓடும் அளவு. அதற்காக ஊருக்குள் நுழைந்து இணைப்பைத் தேடுவது, என் கருத்தில், நேரத்துக்குச் செய்யும் அநியாயம்.

2013இல் ஜப்பானில் அறிமுகமான மிட்சுபிஷி அவுட்லேண்டரில், மின்சாரத்தைக் காக்கும் பொத்தானோடு, எஞ்சினைக் கொண்டே பேட்டரியை நிரப்பும் பொத்தானும் உண்டு. இப்பொத்தானை அடிக்கடி அழுத்துவது நல்லதன்று. பெட்ரோலை மின்சாரமாக்கி, அதைச் சேமித்து, மீண்டும் இயக்கமாக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வெப்பமாகத் தொலைகிறது. மலைக்கு முன்பு, அல்லது புகையைத் தடை செய்த நகரப் பகுதிக்கு முன்பு மட்டும் அதற்கு நியாயம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, செருகாத செருகியால் யாருக்கும் பயனில்லை. இவ்வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக் கூடக் கணக்கைப் போல 3.5 மடங்கு இருப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிவித்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை மக்கள் மின்சாரத்தில் ஓட்டாததே முக்கியக் காரணம்.

குளிர்காலத்துக்கு ஒரு சொல். காருக்குள் கதகதப்பு வேண்டுமென்று வோல்டின் மின் கணப்பை முடுக்கினால், அது ஓடும் தூரத்தைக் கடித்துத் தின்னும். எஞ்சின் ஓடும்போதோ அதன் கழிவு வெப்பமே காரைச் சூடாக்கப் போதும். பனி பொழியும் நாளில் நெடுஞ்சாலையில் எஞ்சினை ஓட விடுவதற்கு இது இன்னொரு காரணம். புறப்படுவதற்கு முன், கார் வீட்டு மின்னிணைப்பில் இருக்கும்போதே உட்புறத்தைச் சூடாக்கிக் கொண்டால், அந்தச் செலவில் பெரும்பகுதி வீட்டு மீட்டரில் ஏறும். பேட்டரி பெரிதும் குறையாமல் பயணத்துக்குக் கிடைக்கும்.