இரவு 10 மணிக்குப் பின் வெடிச்சத்தம்: சட்டம் என்ன சொல்கிறது?

மாரியம்மன் பொங்கல், குடமுழுக்கு, திருமணம், தேர்தல் வெற்றி, இறுதி ஊர்வலம் எனக் காங்கேயம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் வெடிச்சத்தம் கேட்கிறது. நள்ளிரவில் அது நோயாளியைத் திடுக்கிட்டு எழச் செய்யும். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சட்டென உயர்த்தும். இதய நோயாளிகளும், மறதி நோயால் குழப்பமுறும் முதியவர்களும், கைக்குழந்தைகளும் இதனால் மிகுதியாகத் துன்புறுகின்றனர்.

தீபாவளிக்கு மட்டும்தான் கட்டுப்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். 2018-இல் உச்சநீதிமன்றம் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்க அனுமதித்தது. தமிழக அரசு அதனைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை எனப் பிரித்தது. அது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் அதற்கு முன்பே, 2005 ஜூலை 18 அன்று, அந்நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் வெடிகளை முற்றிலும் தடை செய்துவிட்டது. அத்தடை ஆண்டு முழுவதற்கும் உரியது. ஒளி மட்டும் தரும் மத்தாப்புகளுக்கு அத்தீர்ப்பு நேரக் கட்டுப்பாடு விதிக்கவில்லை. ஒலி மாசு விதிகளும் 2010 திருத்தத்திற்குப் பின் இரவு நேரத்திலும் அமைதிப் பகுதிகளிலும் ஒலியெழுப்பும் வெடிகளைத் தடுக்கின்றன. மருத்துவமனையைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதிப் பகுதியாக அறிவிக்க அவ்விதிகளில் வழியுண்டு.

ஒலியின் அளவை யார் எப்படி நிரூபிப்பது என்ற தயக்கம் வேண்டாம். 10 மணிக்குப் பின் வெடித்ததே மீறல்; அதற்கு ஒலிமானி தேவையில்லை. 2018 தீபாவளியன்று நேரக் கட்டுப்பாட்டை மீறியதாகத் தமிழகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. மீறல் நடந்தால் அப்பகுதிக் காவல்நிலையப் பொறுப்பு அலுவலரே நேரில் பொறுப்பாவார் என்றும் அவ்வாண்டின் உத்தரவு கூறியது.

எனினும், தகவல் வராமல் காவலர் வர இயலாது. 100 அல்லது 112-ஐ அழைத்து, வெடிக்கும் இடம், நேரம், அருகில் நோயாளி இருப்பது ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ள நேருமே என்ற அச்சம் எங்களுக்கும் புரிகிறது. ஆகவே, நோன்பு சாட்டியதுமே விழாக் குழுவினரைக் கண்டு பேசுவது நல்லது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெரும்பாலானோர் வெடியைத் தள்ளி வைத்துக்கொள்கின்றனர்.

அன்றிரவு சாலைப்பக்கச் சன்னல்களை அடைத்து, ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலரைத் தலைமாட்டில் வையுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், சத்தம் ஓயட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.