மேசைப் போர்க்களம் – 9: அறுபது மீட்டர் தூரத்துச் சிப்பாய்

வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் ஒன்பதாம் பதிப்பு 2020-இல் வந்தபோது, ஒருவர் எடுக்கக்கூடிய 100 வெற்றிப் புள்ளிகளில் 10 புள்ளிகளை, படை முழுக்க வண்ணம் பூசியிருப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். ஆர்க் படை வைத்திருப்பவருக்கு நூறு உருவங்கள் என்பது சாதாரணம். ஒன்றுக்கு ஒரு மாலை என்று வைத்தாலும் மூன்று மாதம் ஓடிவிடும். அதனால் வேகமுறைகள் பெருகின. அவற்றை ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்களும் பெருகினார்கள். நேரம் மிச்சம், ஆனால் கலை போச்சு என்பது அவர்கள் கட்சி. மேசையில் வைத்து ஆடும் படைக்குப் பொருத்தமானதே வேகமுறைதான், நேரம் மிச்சமாவது உபரி லாபம் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 மில்லிமீட்டர் உருவத்தை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும், ஆறடிக்குச் சற்றுக் குறைந்த ஆளை அறுபது மீட்டர் தூரத்தில் பார்ப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தத் தூரத்து ஆளின் கண்மணியை யார் பார்க்கிறார்கள்? நல்ல பார்வை உள்ளவருக்கும் ஒரு மீட்டரில் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மணிக்கணக்கில் இழைத்த நிறமாற்றம் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு விருந்து; ஆட்டக்காரருக்கு அது ஒரே நிறம். தூரத்தில் எடுபடுவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள அழுத்தமான வேறுபாடு மட்டுமே.

அந்த வேறுபாட்டைத்தான் 'ஸ்லாப்சாப்' என்னும் வேகமுறை முதலில் உருவாக்குகிறது. கறுப்பு பிரைமர் அடித்துக் காயவிடுகிறார்கள். பிரஷ்ஷில் சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, உருவத்தின் மேல் லேசாகத் தேய்க்கிறார்கள். மேடுகள் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கின்றன. வெளிச்சம் விழும் மேல்விளிம்புகளில் மட்டும் வெள்ளையை அதேபோல் தேய்த்து, கடைசியாகக் கண்ணாடித்தன்மையுள்ள வண்ணம் ஒரே பூச்சு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வகை இதற்கு வாகானது: பள்ளத்தில் தேங்கிக் கருக்கும், மேட்டில் வழிந்து வெளிறும். சாம்பலில் ஒளி-நிழலை முடித்துவிட்டு மேலே மெல்லிய நிறப்பூச்சு ஏற்றுவது ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்ததுதான். அவர்களை யாரும் ஏமாற்றுக்காரர் என்றதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. டாங்கியின் தட்டையான தகட்டில் இந்த முறை பல்லிளிக்கும். பள்ளமே இல்லாத இடத்தில் வண்ணம் திட்டுத்திட்டாகத் தேங்கி, ஓரத்தில் கறைக்கோடு விட்டுக் காயும். உண்மைதான். அங்கே ஏர்பிரஷ்ஷோ வழக்கமான பூச்சோதான் வழி. ஆனால் அது பரப்பைப் பொறுத்த குறை. உரோமம், சங்கிலிக்கவசம், துணி மடிப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. வண்ணம் நிலைக்காது என்ற புகாருக்கும் ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. ஆர்மி பெயின்ட்டர் நிறுவனம் 2022-இல் விற்ற 'ஸ்பீட்பெயின்ட்' என்ற இதே வகை வண்ணம் காய்ந்த பிறகும், மேலே ஈரம் பட்டால் கரைந்து கலந்தது. அடுத்த ஆண்டே கலவையை மாற்றினார்கள். எல்லாப் படையும் ஒன்றுபோல் தெரிகிறது என்பதோ முறையின் குற்றமே அல்ல, நிறம் தேர்ந்தவரின் சோம்பல்.

கோல்டன் டீமன் போன்ற போட்டிக்கு அனுப்பும் உருவத்தை நடுவர் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். அங்கே இந்தக் கணக்கு செல்லாது. படைத்தலைவன் உருவமும் அப்படியே. எதிராளி ஒருவேளை கையில் எடுத்துப் பார்ப்பது அதை மட்டும்தான் என்பதால், மிச்சப்பட்ட மாலைகளில் இரண்டை அதன் முகத்துக்குக் கொடுக்கலாம்.

(தொடரும்)