கோபப்பட்ட கார்கள்

ஐசக் அசிமோவ் 1953-இல் எழுதிய ‘சாலி’ என்ற விஞ்ஞானச் சிறுகதையைப் படித்தேன். கதை நடப்பது 2057-இல். கார்களுக்கு மூளை இருக்கிறது; டிரைவர் தேவையில்லை. ஓய்வுபெற்ற 51 கார்களை ஒரு பெரியவர் பண்ணையில் வைத்துப் பராமரிக்கிறார். அவற்றின் மோட்டார்களைப் பறிக்க வந்தவனை வண்டிகளே கொன்றுவிடுகின்றன!

நிஜத்தில் நடந்ததோ வேறு. 2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், இரவில் சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மணி மீது சோதனையிலிருந்த தானியங்கிக் கார் மோதியது; அவர் இறந்தார். அவரை வண்டி என்றும் சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்த காரின் கம்ப்யூட்டர், மனிதர் என்று அறியவேயில்லை. கண்காணிக்க உள்ளே இருந்தவரும் சாலையைக் கவனிக்கவில்லை.

இங்கே தில்லியில் மாடு, தள்ளுவண்டி, பள்ளிக் குழந்தைகள் எல்லாம் ஒரே சாலையில்தானே! கார் கோபப்படுமோ என்ற பயம் எனக்கில்லை. அதற்கு நம்மை அடையாளம் தெரியுமா என்பதுதான் கவலை.