மூளையைப் படித்தவர்கள் – 14: தலைவரைத் தேடும் குழுவுக்கு

ஒரு பல்கலைக்கழகம் தன் நரம்பறிவியல் துறைக்குத் தலைவரைத் தேடத் தொடங்கினால், தேர்வுக் குழுவின் கண் முதலில் போவது வெளியான கட்டுரைகள், வாங்கிய விருதுகள், கொண்டுவந்த ஆய்வு மானியம் ஆகியவற்றின் மீதுதான். எண்ணிப் பார்க்க வசதியானவை இவை. ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஒருவர் எப்படிப்பட்ட தலைவர் என்பதை அவர் பெயரில் வந்த கட்டுரைகளைவிட, அவருடைய நிழலில் வளர்ந்தும் அவர் பெயரைச் சுமக்காமல் வெளிவந்த கட்டுரைகளே தெளிவாகச் சொல்கின்றன. இதற்கு நல்ல சான்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளி. அங்கே 1966இல் நரம்புயிரியல் துறை உருவானது. அதற்குமுன் மூளை பல துறைகளுக்குப் பங்குபோடப்பட்டிருந்தது. அதன் அமைப்பு உடற்கூறியலாரிடம், மின்துடிப்பு உடலியங்கியலாரிடம், ரசாயனம் உயிர்வேதியியலாரிடமும் மருந்தியலாரிடமும் இருந்தன. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும். இவர்களை ஒரே துறையில் உட்காரவைத்து, ஒரே கேள்வியைக் கேட்கவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஸ்டீபன் குஃப்லரிடம் போனது.

குஃப்லர் ஹங்கேரியில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவம் படித்து, 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது வெளியேறி, சிட்னியில் ஜான் எக்கில்ஸுடனும் பெர்னார்டு காட்ஸுடனும் ஆய்வு செய்து, போர் முடிந்ததும் அமெரிக்கா சேர்ந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தபோது, 1953இல் பூனையின் விழித்திரையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. விழித்திரையின் ஒருவகை நரம்பணு, தான் கவனிக்கும் வட்டத்தின் நடுவில் சிறு ஒளிப்புள்ளி விழுந்தால் துள்ளுகிறது. வட்டம் முழுக்க ஒளி பரவினால் அடங்கிவிடுகிறது. அதாவது கண், வெளிச்சத்தின் அளவைக் காட்டிலும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. இப்படி ஒரு வாசலைத் திறந்தவர் அந்த வழியிலேயே ஆயுள் முழுக்க நடந்திருக்கலாம். குஃப்லர் அந்தத் தடத்தை இரண்டு இளைஞர்களிடம் விட்டுவிட்டு, நரம்பணுக்களின் சந்திப்புகளையும், நரம்பணுக்களைச் சூழ்ந்த கிளியா அணுக்களையும் ஆராயப் போய்விட்டார். டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற அந்த இருவரும் 1958இல் அவருடைய ஆய்வகத்தில் இணைந்து வேலை செய்யத் தொடங்கி, விழித்திரையில் அவர் கேட்ட கேள்வியைப் பெருமூளைப் புறணிக்குக் கொண்டுபோனார்கள். புள்ளிகளைக் காட்டிக் காட்டி அலுத்துப்போன ஒரு நாளில், கண்ணாடித் தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பு மெல்லிய நிழற்கோடாகத் திரையில் நகர, அதுவரை வாய் திறக்காத நரம்பணு படபடவென்று துடிக்கத் தொடங்கியது. அது ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டுமே பதில் சொன்னது. 1959இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் இரண்டுதான். குஃப்லரின் பெயர் இல்லை.

இது ஒருமுறை நேர்ந்த பெருந்தன்மை என்று தள்ளிவிட முடியாது. நண்டுக்கு உறவான லாப்ஸ்டரின் தடுப்பு நரம்புகள் காபா என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன என்று காட்டிய 1966ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எட்வர்டு கிராவிட்ஸின் குழுவிலிருந்து வந்தது. அவர் உயிர்வேதியியலார், மின்துடிப்பு அளப்பவர்களின் கூட்டத்துக்கு வெளியிலிருந்து குஃப்லரால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அதன் ஆசிரியர் வரிசையிலும் குஃப்லர் இல்லை. தலைவருக்குத் தெரியாத வித்தையைத் தெரிந்தவரை உள்ளே அழைப்பதும், அழைத்தபின் குறுக்கே நிற்காமல் இருப்பதும்தான் இங்கே தலைமை. எம்.ஐ.டி.யிலும் இதே நடந்தது. 1961இல் அங்கே உளவியலைக் கட்டியெழுப்ப வந்த ஹான்ஸ் லூகாஸ் டாய்பர், மூளையின் நார்ப்பாதைகளைச் சாயமேற்றித் தொடர்ந்த உடற்கூறியலாளர் வாலே நௌட்டாவை 1964இல் அழைத்துக்கொண்டார். உளவியல் துறையில் உடற்கூறியலாருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பின்னாளில் வளர்ந்த மூளை அறிவியலே பதில்.

குஃப்லரை ஹார்வர்டுக்கு அழைத்தவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மருந்தியல் துறைத் தலைவர் ஓட்டோ கிரேயர். 1933இல் ஜெர்மனியில், யூதர் என்பதற்காக நீக்கப்பட்ட ஒரு பேராசிரியரின் இடத்தைத் தனக்குத் தந்தபோது வேண்டாம் என்று மறுத்து, அதற்கான விலையையும் கொடுத்தவர். அவர் 1959இல் குஃப்லரோடு ஹியூபல், வீசல், எட்வின் ஃபர்ஷ்பன், டேவிட் பாட்டர் என்று ஒரு குழுவையே தன் துறைக்குள் இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் யாரும் மருந்தியலார் அல்ல. தன் துறையின் எல்லையைக் காப்பதே தலைவரின் வேலை என்று அவர் நினைத்திருந்தால், ஏழு ஆண்டுகள் கழித்து அங்கே நரம்புயிரியல் துறை பிறந்திருக்காது. தலைவரை நியமிப்பவர்களின் மனம் எவ்வளவு விரிந்ததோ, அவ்வளவுக்குத்தான் தலைவரும் கிடைப்பார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அது அமெரிக்க அரசு ஆய்வுக்குப் பணத்தை வாரி இறைத்த காலம், அப்போது யாராலும் துறை கட்டியிருக்க முடியும் என்பார்கள். பணம் பல பல்கலைக்கழகங்களுக்குப் போனது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு துறை எழவில்லை. நல்ல விஞ்ஞானி நல்ல தலைவராக மாட்டார், நிர்வாகியைத் தேடுங்கள் என்பது இன்னொரு வாதம். ஹியூபல் 1967இல் ஹார்வர்டின் உடலியங்கியல் துறைக்குத் தலைவராகி, விரைவிலேயே அதை உதறிவிட்டு ஆய்வு மேசைக்குத் திரும்பியதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவருடைய இணையான வீசல் 1973இல் குஃப்லருக்குப்பின் நரம்புயிரியல் துறையை ஏற்றார். பின்னர் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கே தலைமை தாங்கினார். இருவரும் 1981இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்தவர்கள். ஆக, பரிசு ஒருவரைத் தலைவராக்கவும் இல்லை, தலைமைக்குத் தகாதவராக்கவும் இல்லை. அதை வைத்து ஒருவரை எடுப்பதும் கழிப்பதும் ஒரே தவறுதான்.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. குஃப்லரும் கிரேயரும் ஆள் எடுத்தது அறிமுகத்தின் பேரில். தெரிந்தவர் தெரிந்தவரை அழைத்தார். அந்த முறையில் உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அதே துறையிலிருந்த ஃபர்ஷ்பன், பாட்டர், கிராவிட்ஸ் மூவரும் 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கப் பாடுபட்டார்கள். துறைக்குள் இருந்தவர்களே கதவின் குறுகலை உணர்ந்தார்கள் என்பதற்கு இது அடையாளம். எனவே வெளிப்படையான விளம்பரம், வெளி ஆட்கள் உள்ள குழு, எழுதிவைத்த விதிகள் எல்லாம் வேண்டும். இதில் பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. கதவை எல்லாருக்கும் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வருபவரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் அந்தக் காலம் நமக்குக் கற்றுத்தர ஏதோ வைத்திருக்கிறது.

ஆகவே தேர்வுக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். நேர்காணலுக்கு வருபவரின் பட்டியலில் கட்டுரைகளை எண்ணி முடித்தபின், அவருடைய ஆய்வகத்திலிருந்து வெளியேறிய ஐந்தாறு பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். அங்கே தொடங்கிய ஆய்வைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுபோக அவர் விட்டாரா என்று கேளுங்கள். தனக்குத் தெரியாத துறையிலிருந்து கடைசியாக யாரை அழைத்துச் சேர்த்தார் என்று அவரிடமே கேளுங்கள். அதற்கு ஒரு பெயர்கூடச் சொல்லத் தெரியாதவர் எத்தனை விருது வாங்கியிருந்தாலும், அவரிடம் நரம்பறிவியல் துறையை ஒப்படைக்காதீர்கள்.