மருந்தின் பெயரும் மருந்தின் சரக்கும்

ஆயுர்வேத ஔஷதங்களைக் குறித்து நம் நாட்டில் இரண்டு கட்சியார் நெடுநாளாக வாதாடி வருகின்றனர். ரிஷிகள் கண்ட சாஸ்திரமாதலால் அதில் குற்றமே இராது என்பர் ஒரு கட்சியார். பழமையானதாதலால் அதில் குணமே இராது என்பர் மற்றொரு கட்சியார். இவ்விரு கட்சியாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. நோயாளி விழுங்குவது சாஸ்திரத்தை அன்று. சீசாவுக்குள் இருக்கும் சூரணத்தையும் கஷாயத்தையுமே அவன் விழுங்குகிறான். அந்தச் சீசாவின்மேல் எழுதியிருக்கும் பெயருக்கும் உள்ளே அடைத்திருக்கும் சரக்குக்கும் பொருத்தம் உண்டா என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காணாமல் சாஸ்திரத்தைப் புகழ்வதும் வீண், இகழ்வதும் வீண்.

யாவரும் அறிந்த திரிபலா சூரணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றையும் சம எடையாகச் சேர்ப்பது வழக்கமான முறை. இதைவிட எளிய யோகம் காண்பது அரிது. ஆயினும் இதற்கும் விதி உண்டு. மூன்று காய்களிலும் கொட்டையை நீக்கிச் சதைப்பற்றை மட்டும் உலர்த்தி, இடித்து, துணியில் சலிக்கவேண்டும். சுக்குக்கு மேல்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உட்கொட்டை நஞ்சு என்று நம் வீட்டு மூதாட்டிகளே சொல்லுவார்கள். கொட்டையோடு சேர்த்து இயந்திரத்தில் அரைத்துவிட்டால் எடை கூடும், லாபமும் கூடும். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவனுக்கு வேற்றுமை தெரியாது. பெயர் திரிபலாவே, சரக்கு திரிபலா அன்று. மூன்றே சரக்குள்ள மருந்தில் வஞ்சனைக்கு இத்தனை இடம் இருக்குமானால், நாற்பதும் ஐம்பதும் சேர்த்துக் கிண்டும் லேகியத்தில் எத்தனை இடம் இருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கலாம்.

சரக்குகளைச் சேர்க்கும் கணக்கு வெறுஞ் சடங்கும் அன்று. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் எண்ணற்ற யோகங்களில் இடம்பெறுகிறது. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்னும் காரச்சத்து உண்டு. 1998-ஆம் ஆண்டு பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினை 2 கிராம் அளவு தனியாகவும், 20 மில்லிகிராம் பைப்பரினோடு சேர்த்தும் மனிதருக்குக் கொடுத்துச் சோதித்தனர். தனியே கொடுத்தபோது அது இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. மிளகின் சத்தோடு கொடுத்தபோது அது உடலில் சேரும் அளவு 2000 சதவிகிதம் உயர்ந்ததாக அவர்கள் வெளியிட்டனர். இந்த ஒரு சோதனையைக் கொண்டு சாஸ்திரம் முழுவதும் நிரூபணமாகிவிட்டது என்று குதூகலிப்பது பேதைமை. ஆனால், திப்பிலி விலை அதிகம் என்று அதன் அளவைக் குறைக்கிறவன் ஏதோ ஒரு வாசனைப் பொருளைக் குறைக்கவில்லை என்பது இதனால் விளங்கும். மருந்தை உடம்பில் சேர்க்கும் துணையையே அவன் பறித்துவிடுகிறான். அன்றியும், ஒன்றைச் சேர்ப்பிக்கும் சத்து மற்றொன்றையும் சேர்ப்பிக்கக்கூடும். ஆகையால் இங்கிலீஷ் மருந்து உண்டுவரும் நோயாளி தான் உண்ணும் நாட்டு மருந்தில் என்ன இருக்கிறது என்பதைத் தன் டாக்டருக்குத் தெரிவிப்பது அவசியம். சீசாவின்மேல் சரியாக எழுதியிருந்தாலன்றோ அவன் தெரிவிப்பான்?

பெயர் ஒன்று, மூலிகை பல

வஞ்சனை இல்லாமலே நேரும் குழப்பமும் உண்டு. பழைய நூல்கள் மூலிகையின் பெயரைச் சொல்லின, குணத்தைச் சொல்லின, படம் எழுதி வைக்கவில்லை. பாரத நாடோ பரந்தது. ராஸ்னா என்ற பெயருக்கு வடநாட்டார் புளுச்சியா என்னும் ஒரு செடியைக் கொள்கின்றனர். தென்னாட்டார் இஞ்சி இனத்தைச் சேர்ந்த அரத்தையைக் கொள்கின்றனர். சங்கபுஷ்பி என்றால் வடக்கே தரையோடு படரும் ஒரு சிறு பூண்டு. கேரளத்தில் வேலியில் ஏறும் காக்கணங்கொடி. பிராமி என்றால் சிலருக்கு நீர்ப்பிரமி, சிலருக்கு வல்லாரை. இவை தம்முள் குலத்தாலும் வேறு, சத்தாலும் வேறு. ஒவ்வொரு பக்கத்தாரும் தத்தம் பரம்பரையின்படி நடப்பவர்களே. அவர்கள்மேல் குற்றம் இல்லை. ஆனால் காசியில் செய்த மருந்து காரைக்குடியில் விற்கும் இக்காலத்தில், எந்தப் பிராமி என்று சொல்லாமல் விடுவது குற்றமே.

இனி வஞ்சனைக்கு வருவோம். ஸ்திரீகளின் நோய்களுக்கு நம் வைத்தியர்கள் பெரிதும் நம்பும் அசோகாரிஷ்டம் அசோகமரத்தின் பட்டையால் ஆவது. உண்மையான அசோகம் செம்பொன் நிறப் பூங்கொத்துக்களை உடையது. அவரை இனத்தைச் சேர்ந்தது. பட்டணத்து வீதிகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் கம்பம்போல் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தைத்தான் ஜனங்கள் அசோகமரம் என்று அழைக்கின்றனர். அது சீதாப்பழத்தின் இனம்; அசோகத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. மேற்கு மலைத்தொடர்க் காடுகளில் அசோகம் அருகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் அதை அழிவுக்கு இலக்கான மரங்களுள் ஒன்றாகக் குறித்திருக்கின்றனர். நெட்டிலிங்கமோ எங்கும் கிடைக்கும். சந்தையில் அசோகப்பட்டை என்று விற்பதில் நெட்டிலிங்கப்பட்டை கலப்பது ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக்காட்டிய மோசம். அமுக்கராவின் கதையும் இதுவே. கிழங்குபோன்ற அதன் வேரே நூல்கள் பெரிதும் விதித்த சரக்கு. இலை மலிவு என்று அதையும் சேர்த்துச் சத்து இறக்குவோர் பெருகினர். அதனால் 2021-ஆம் ஆண்டு ஆயுஷ் அமைச்சகம், இலையை விட்டு வேரையே உபயோகிக்குமாறு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

பிரதிநிதியும் போலியும்

ஒரு சரக்கு கிடைக்காதபோது மற்றொன்றைச் சேர்ப்பது சாஸ்திர விரோதமா என்று கேட்கலாம். அன்று. ச்யவனப்பிராசத்தைப் பாருங்கள். 500 நெல்லிக்கனிகளைக் கொண்டு செய்யுமாறு சரகர் நூல் விதிக்கும் அந்த லேகியத்தில், அஷ்டவர்க்கம் எனப்படும் இமயமலை மூலிகைகளும் சேரவேண்டும். அவை எட்டும் கிடைத்தற்கு அரியவை. 16-ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இதை ஒளிக்கவில்லை. மேதை, மகாமேதைக்குப் பதிலாகத் தண்ணீர்விட்டான் கிழங்கு. காகோலி, க்ஷீரகாகோலிக்குப் பதிலாக அமுக்கரா. இவ்வாறே மற்றவற்றுக்கும் பதில் இன்னதென்று வகுத்து, யாவரும் அறிய நூலில் எழுதிவைத்தார். இதற்குப் பிரதிநிதித் திரவியம் என்று பெயர்.

பிரதிநிதிக்கும் போலிக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. இன்னது கிடைக்கவில்லை, இன்னதைச் சேர்த்தேன் என்று சொல்லிக் கொடுப்பது பிரதிநிதி. சொல்லாமல் சேர்த்துப் பழைய பெயராலேயே விற்பது போலி. முன்னது வைத்தியம், பின்னது திருட்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன் அச்சுயந்திரமும் மருந்துச் சட்டமும் நாட்டில் பரவாத காலத்தில் ஒரு வைத்தியர் கைக்கொண்ட நேர்மையை, இவ்விரண்டும் உள்ள காலத்து வணிகர் கைக்கொள்ளலாகாதா?

போலி பெருகுவதற்கு மூலகாரணம் வணிகரின் பேராசை மட்டும் அன்று. காட்டின் வறுமையும் காரணம். தசமூலம் என்பது பத்து வேர். வில்வம், பெருங்குமிழ், பாதிரி, பெருவாகை, தழுதாழை ஆகிய ஐந்தும் பெரியவை. கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சில் ஆகிய ஐந்தும் சிறியவை. சிறியவற்றை ஆண்டுதோறும் விதைக்கலாம். ஆனால் பாதிரிமரத்தின் வேரைத் தோண்டினால் மரம் பிழைப்பது எங்ஙனம்? ஊருக்கு ஒரு வைத்தியர் உரலில் இடித்த காலத்தில் காடு தாங்கிற்று. ஆலைகள் வண்டி வண்டியாகக் கொள்முதல் செய்யும் காலத்தில் அது தாங்குமா? இமயத்துக் கோஷ்டம் பட்ட பாட்டை நாம் அறிவோம். அது அழியும் நிலைக்கு வந்ததனால், 1985-ஆம் ஆண்டு முதல் சர்வதேச வாணிப உடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. வேருக்குப் பதிலாகத் தண்டையும் சிறு கிளையையும் கொள்ளலாமா என்று ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து வருகின்றனர். கொள்ளலாம் என்று முடிவானால் அதையும் பாவமிசிரரைப்போல் வெளிப்படையாக எழுதிவைப்பதே முறை.

உலோகமும் உண்மையும்

நம்மவர் கேட்கக் கசக்கும் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ச்சியாளர் வாங்கிச் சோதித்து, 2004-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று. 2008-ஆம் ஆண்டு 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஏறக்குறைய அதே விகிதம் காணப்பட்டது. இது அந்நியரின் சூழ்ச்சி என்று சிலர் சினந்தனர். சினத்தால் ஈயம் கரைந்துவிடுமா? ரசமருந்துகளில் உலோகத்தைச் சுத்தி செய்து, புடமிட்டுச் சேர்ப்பது நூலில் உள்ள முறை. அதை உண்பவன் அறிந்து, வைத்தியர் மேற்பார்வையில் உண்ணவேண்டும். மூலிகை மருந்தென்று வாங்கிய பொருளில் அறியாமல் ஈயம் இருப்பது முற்றிலும் வேறு. அது அசுத்த நிலத்திலிருந்து வந்தாலும், அசுத்தப் பாத்திரத்திலிருந்து வந்தாலும், குடிக்கும் குழந்தையின் மூளைக்குக் கேடு ஒன்றே. இந்திய அரசாங்கம் 2006-ஆம் ஆண்டு ஜனவரி முதல், வெளிநாடு செல்லும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கிற்று. அயல்நாட்டாருக்கு முதலில் காட்டிய அக்கறையை உள்நாட்டுச் சந்தையிலும் அணுவளவும் குறையாமல் காட்டவேண்டுமென்று கேட்பது நம் உரிமை.

சட்டமும் நமது கடமையும்

சென்னை மாகாணத்தில் இந்த வழக்கு பழையது. 1918-ஆம் ஆண்டு நாட்டு மருந்துகளை ஆராய்வதற்கு அரசாங்கம் டாக்டர் கோமனை நியமித்தது. அவர் வெளியிட்ட அறிக்கையைக் கண்டித்து ஆயுர்வேத வைத்தியர்கள் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் 1921-ஆம் ஆண்டு முகம்மது உஸ்மான் தலைமையில் கமிட்டி அமைந்தது. 1923-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 1925-இல் காப்டன் ஸ்ரீநிவாசமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு இந்திய வைத்தியப் பள்ளிக்கூடம் சென்னையில் திறக்கப்பட்டது. நம் சாஸ்திரம் சாஸ்திரம்தானா என்பது அன்றைய வழக்கு. அந்த வழக்கில் வாதாடியவர்கள் பெற்றுத்தந்த மதிப்பை இன்று காப்பவன் நேர்மையாக மருந்து இடிப்பவன். கெடுப்பவன் போலி விற்பவன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் ஏற்பட்டது. அதன் விதிகளின்படி, சேர்ந்த சரக்குகளின் உண்மையான பட்டியலையும் அளவையும் மருந்தோடு காட்டவேண்டும். விஷச் சரக்கு சேர்ந்த உள்மருந்தானால், வைத்தியர் மேற்பார்வையில் உண்ணத்தக்கது என்ற எச்சரிக்கையை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அச்சிடவேண்டும் என்பது விதி. தமிழ் ஒன்றே அறிந்த குடியானவனுக்கு அந்த எச்சரிக்கை எட்டுவது எப்படி? அவனுடைய உயிர் மட்டும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்குமா? அந்தந்த மாகாணத்து மொழியிலும் எச்சரிக்கையும் சரக்குப் பட்டியலும் அச்சிடப்பட வேண்டுமென்று கேட்பதற்குத் தேசத்தொண்டர்கள் முன்வரவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உரிமை கொடுத்துவிட்டபோது, நம் நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சிலார் பழைய ஏடுகளைச் சான்றாகக் காட்டி வழக்காடினர். 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. மஞ்சள் நம்முடையது என்று உலகத்தின்முன் நிரூபித்தோம். நல்லதே. அந்த மஞ்சளில் நிறத்துக்காக ஈயச்சாயம் கலவாமல் காப்பதும் அதே தேசபக்தியின் மற்றொரு பாதி அன்றோ?

ஆகையால் செய்யவேண்டுவன தெளிவானவை. வாங்குகிறவர் பெயரைப் படிப்பதோடு நில்லாமல் பட்டியலையும் படிக்கவேண்டும். பட்டியல் இல்லாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வைத்தியர் தாம் சேர்த்த பிரதிநிதியைச் சொல்லவேண்டும். ஆலைக்காரர் எந்தச் செடி, எந்த உறுப்பு என்று எழுதவேண்டும். அரசாங்கம் சோதனைச்சாலைகளைப் பெருக்கி, சோதித்த முடிவுகளை ஜனங்கள் அறிய வெளியிடவேண்டும். புறம்போக்கு நிலமும் கோயில் நந்தவனமும் உள்ள ஊரார், ஓர் அசோகத்தையும் ஒரு பாதிரியையும் ஒரு குமிழையும் நடவேண்டும். இன்று நட்ட மரமே நாளைய மருந்து. சுதேசி என்ற சொல் பொருளின் பிறப்பிடத்தை மட்டும் குறிப்பதன்று. அதைச் செய்தவனுடைய நாணயத்தையும் குறிப்பது. அந்த நாணயம் இருக்குமிடத்தில் சாஸ்திரத்துக்கு வக்கீல் வேண்டுவதில்லை. அது இல்லாத இடத்தில் எத்தனை வக்கீல்கள் வந்தாலும் நோயாளிக்கு அவர்களால் பயனில்லை.